மிளகில் விழுந்த எண்பத்துநான்கு காய்கள்

என் மகள் இரண்டு வருடம் உட்கார்ந்து செய்த விளையாட்டை ஒரே காலையில் சந்தி சிரிக்க வைத்தது யார் என்று வீட்டில் அவ்வப்போது பேச்சு வரும். நான் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொள்வேன். எழுத்தில் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நான்தான். காரணம், என்னால் எதையும் எண்ணாமல் இருக்க முடியாது.

முப்பத்தொரு வருடம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவன். வந்த வண்டி, போன வண்டி, வராமலே போன வண்டி எல்லாவற்றையும் குறித்துக் குறித்து வளர்ந்த பழக்கம். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு வண்டிகள் இல்லை. கண்ணில் பட்டதை எண்ண ஆரம்பித்தேன். சேந்தமங்கலத்தில் எங்கள் வீட்டு மாடிப்படி பதினேழு. பக்கத்து வீட்டுக்காரர் காலையில் தொண்டையைச் செருமுவது ஒன்பது முறை. "உங்களுக்கு வேற வேலையே இல்லீங்களா?" என்று என் மனைவி கேட்பது நாளுக்கு நான்கு முறை (விருந்தாளி இருந்தால் இரண்டு).

மகள் சுதா பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தாள். ஒரு தீபாவளிக்கு வந்தவள், வேலையை விட்டுவிட்டதாகவும், இனிமேல் போர்டு கேம் செய்யப் போவதாகவும் சொன்னாள்.

"தாயக்கட்டமா?" என்றேன்.

"அந்த வழியில வந்ததுதான்ப்பா. ஆனா தாயம் இல்ல."

"அப்புறம் ஆடு புலியா?"

"அதுவும் இல்ல."

இப்போதெல்லாம் இது ஒரு தொழிலாம். தாயம், ஆடு புலி, பல்லாங்குழி போன்ற பழைய ஆட்டங்களை எடுத்து, அவற்றின் தலையில் சீட்டுகளையும் விதிகளையும் கட்டி, கனமான பெட்டியில் போட்டு விற்கிறார்கள். அதை வாங்கி, மீசை முளைத்த ஆண்பிள்ளைகள் நான்கு பேர் இரண்டு மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள். விளையாடும்போது சிரிப்பதில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

சுதா எடுத்துக்கொண்டது பல்லாங்குழி. அதன் பதினான்கு குழிகளையும் கொல்லிமலையின் பதினான்கு தோட்டங்களாக்கி, 'மலைச்சந்தை' என்று பெயர் வைத்தாள். குழியிலிருந்து காய்களை அள்ளி, வரிசையாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவது பழைய முறைதான். அதற்கு மேல் மழைச் சீட்டு, வெயில் சீட்டு, லாரி வராத சீட்டு. காய்கள் எண்பத்துநான்கு. ஒவ்வொன்றும் பார்த்தால் மிளகு. மண்ணை உருட்டி, சுட்டு, கறுப்புப் பூசி, ஊசியால் சுருக்கம் கீறி அவளே செய்தது. எண்பத்துநான்கில் ஆறு காய்களுக்கு அடியில் வெள்ளைப் புள்ளி இருக்கும். அவை பொக்கு, அதாவது உள்ளே சரக்கில்லாத மிளகு. அவற்றை வைத்துத்தான் ஆட்டத்தின் சூட்சுமமே.

"பேசாமல் மிளகையே போட்டுவிடலாமே?" என்று கேட்டேன்.

"நூறு ஆட்டம் ஆடுனா மிளகு பொடியாயிடும்ப்பா."

நூறு ஆட்டம் யார் ஆடப்போகிறார்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் முகம் வாடியிருக்கும். கையிலிருந்த சேமிப்பு கரைந்துகொண்டிருந்த நேரம். ஏழு வெளியீட்டாளர்கள் மறுத்துவிட்டார்கள். எட்டாவதாகச் சென்னையில் ஒருவர், "மலையைப் பற்றிய ஆட்டம் என்கிறீர்கள். மலைக்காரர்களோடு உட்கார்ந்து ஒரு முழு ஆட்டம் ஆடிக் காட்டுங்கள், பிடித்திருந்தால் அச்சடிக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். இதுவும் இல்லையென்றால் திரும்ப வேலைக்குப் போய்விடுவதாகச் சுதா தன் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். என்னிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னால் எத்தனை மாதம் வீணாயிற்று என்று கணக்குச் சொல்வேனாம்.

கொல்லிமலைமேல் வளப்பூர் நாட்டில் (அங்கே ஊர்களை நாடு என்பார்கள்) அவள் தோழியின் வீட்டில் ஆட்டம் என்று ஏற்பாடு. சுதா பலகையோடு முதல் நாளே மலைக்குப் போய்விட்டாள். காய்களுக்குப் பூசிய மெருகு நன்றாக இறுக இன்னும் ஒரு ராத்திரி ஆகும். அதனால் அவற்றை மறுநாள் காலை முதல் பேருந்தில் நான் கொண்டுபோக வேண்டும். சென்னைக்காரர் பதினொரு மணிக்கு வருவார்.

"அப்பா, டப்பாவைத் திறக்காதீங்க. எண்ணாதீங்க. நான் எண்ணித்தான் வெச்சிருக்கேன்" என்று வாசலில் நின்று சொன்னாள். மூன்று முறை சொன்னாள்.

அவள் பேருந்து தெருமுனை தாண்டுவதற்குள் திறந்தேன். மேலே விதிப்புத்தகம், பதினாறு பக்கம். பக்கத்தில் துணிப்பையில் காய்கள். விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் 'மிளகுக் காய்கள் 84' என்று இருந்தது. எண்ணினேன், சரியாக இருந்தது. காலையில் எண்ணினேன், சரியாக இருந்தது. காரவள்ளியில் வண்டி நின்றபோது மடியில் வைத்து எண்ணினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

அதன் பிறகு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எழுபதையும் எண்ணினேன் (பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதற்காக நம்பிவிடுகிற ஆள் நானில்லை). ஒவ்வொரு வளைவிலும் டப்பா குலுங்கியது. ஒவ்வொரு குலுக்கலிலும் என் மனதில் ஒரு காய் குறைந்தது. சோளக்காட்டில் இறங்கியபோது, என் மனக்கணக்குப்படி டப்பாவில் பதினான்கு காய்தான் இருந்தது.

வளப்பூர் நாட்டுக்குப் போகும் பேருந்துக்கு இருபத்தைந்து நிமிடம் இருந்தது. சாலையோரக் குட்டைச் சுவரில் உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்து, மூடியைத் தட்டாக்கிக் காய்களைக் கொட்டினேன். மாசி மாதம். சுவருக்குக் கீழே ஒரு பெரிய தார்ப்பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அதன் காரம் மூக்குக்கு வந்துகொண்டே இருந்தது. நான் அறுபத்தொன்பது, எழுபது என்று போய்க்கொண்டிருந்தேன். எண்பத்துமூன்றில் தும்மல் வந்தது.

எனக்குத் தும்மல் ஒன்றோடு நிற்காது. ஏழு வரும். முதல் தும்மலில் மூடி போயிற்று. இரண்டாவதில் டப்பா போயிற்று. மூன்றாவதில் மூக்குக்கண்ணாடி. மீதி நான்கையும் கண்ணை மூடிக்கொண்டு தும்மி முடித்து, கையில் கிடைத்த ஒரு தாளால் மூக்கைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் தேடி மாட்டிப் பார்த்தேன். தார்ப்பாயில் மிளகு இருந்தது. மிளகு மட்டும்தான் இருந்தது. என் மகளின் கைத்திறமையை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன்.

சுவரிலிருந்து இறங்கி, மண்டியிட்டு, பொறுக்க ஆரம்பித்தேன். ஆறாவது காயில் ஒரு நிழல் என்மேல் விழுந்தது.

"ஏனுங்க பெரியவரே! என்னங்க பண்றீங்க?"

ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மாள். பெயர் பொன்னம்மா என்று பிறகு தெரிந்தது. மிளகு அவளுடையது.

"பொறுக்கறேம்மா."

"பொறுக்கறது தெரியுதுங்க. எம் மெளக எதுக்குப் பொறுக்கறீங்க? பாத்தா நல்ல ஊட்டு ஆளாட்டம் சலவைச் சட்ட போட்டிருக்கறீங்க."

"உங்க மிளகை எடுக்கலைம்மா. நான் போட்டதைத்தான் எடுக்கறேன்."

"நீங்க எதுக்குங்க எம் மெளகுல போட்டீங்க?"

நியாயமான கேள்வி. நான் ஏழாவது காயைத் தேடினேன்.

"அப்படி என்னத்தைங்க போட்டீங்க?"

"மிளகு மாதிரி ஒன்று" என்றேன்.

மூன்றே சொற்கள். கொல்லிமலையில், மாசி மாதத்தில், காய்கிற மிளகுக்கு முன்னால் மண்டியிட்டிருக்கும் ஒருவன் சொல்லக்கூடாத மூன்று சொற்கள்.

"ஐயோ, கலப்படம் பண்றாருங்கோ!" என்று பொன்னம்மா போட்ட சத்தத்தில் பலாப்பழக் கடை, வாழைப்பழக் கடை, டீக்கடை மூன்றும் காலியாயின. நான் சுற்றிலும் பார்த்தேன். பத்தொன்பது பேர்.

"பப்பாளி வெதையாக்கா?" என்றார் ஒருவர்.

"போன வருசங்கூட எவனோ ஒருத்தன் பண்ணுனான்."

"இந்த வயசுல பாருங்க சாமி!"

பொன்னம்மாவின் கோபத்தில் தப்பே சொல்ல முடியாது. அன்று பத்து மணிக்கு மண்டிக்காரர் கந்தசாமி வந்து அவள் சரக்கை எடுப்பதாக இருந்தது. சரக்கில் ஒரு வேற்றுக் காய் இருந்தாலும் அவர் மொத்தத்தையும் தள்ளிவிடுவார். அந்த வருடம் மட்டுமில்லை, பெயர் கெட்டுவிட்டால் அடுத்த வருடமும்தான். இதை அவள் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோதே (விளக்கம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்) கந்தசாமியின் வேன் வந்து நின்றது.

அவர் இறங்கி வந்தார். என் கையிலிருந்த ஆறில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். கடக்கென்று ஒரு சத்தம். துப்பினார்.

"பப்பாளி வெதையாச்சும் திங்கற சாமானமுங்க. இது மண்ணு! மண்ண உருட்டி வேலப்பாடு பண்ணிக் கொண்டாந்திருக்கறாரு!"

"ஐயா, இது விளையாட்டுச் சாமான்" என்றேன். "என் மகள் செய்த பல்லாங்குழி."

"பல்லாங்குழிக்கு புளியங்கொட்டை போதுமுங்களே?" என்றாள் பொன்னம்மா. இதைத்தான் நான் இரண்டு வருடமாகச் சுதாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் ஆமோதிக்க முடியவில்லை.

அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் வாழ்க்கையில் தோன்றிய மோசமான யோசனைகளில் இதற்கு முதலிடம். விதிப்புத்தகத்தைக் காட்டினால் நம்பிவிடுவார்கள் அல்லவா? தார்ப்பாய் ஓரத்தில் கிடந்த புத்தகத்தை எடுத்தேன். கைக்கு வந்தது நான்காம் பக்கம். பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்கிற குரலில், கடைசி ஆளுக்கும் கேட்கும்படி வாசித்தேன்:

"ஒவ்வொரு ஆட்டக்காரரும் தன்னிடமுள்ள பொக்கு மிளகை, எதிராளிக்குத் தெரியாமல், அவருடைய நல்ல மிளகில் கலந்துவிட வேண்டும். கலந்தது வெளியே தெரியாமல் சந்தை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்கு ஐந்து புள்ளிகள்."

பத்தொன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்கு வினாடி.

"புத்தகமே போட்டிருக்கறாங்கடா!" என்றார் பலாப்பழக் கடைக்காரர்.

"எத்தன பேருங்க உங்க கூட்டத்துல?" என்றார் கந்தசாமி.

"நான்கு பேர் ஆடலாம்" என்றேன். உண்மையைச் சொல்கிற பழக்கம்.

சுதாவைக் கூப்பிட்டேன். சிக்னல் இல்லை. அந்த நேரத்தில்தான் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி ஒருவர், "வளப்பூர் நாடு எப்படிப் போகணும்? அங்க ஒரு போர்டு கேம் பாக்கறதுக்காகச் சென்னைலேர்ந்து வரேன்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. "சார்! நான்தான் சுதாவோட அப்பா!" என்று கத்தினேன்.

"இவரு உங்க ஆளுங்களா?" என்று கந்தசாமி அவரைக் கேட்டார்.

சென்னைக்காரர் என்னைப் பார்த்தார். முழங்கால் வரை மண், சட்டையில் மிளகுத் தூசி, சிவந்த மூக்கு. கூட்டத்தைப் பார்த்தார்.

"இவரை எனக்குத் தெரியாதுங்க" என்றார். பொய்யும் இல்லை. நாங்கள் அதுவரை சந்தித்ததில்லை.

கடைசியில் கந்தசாமிதான் வழி சொன்னார். நான் போட்டது எத்தனையோ அத்தனையும் தார்ப்பாயிலிருந்து வெளியே வந்தால் சரக்கை எடுப்பார். ஒன்று குறைந்தாலும் எடுக்கமாட்டார்.

"எத்தனைங்க போட்டீங்க?"

"எண்பத்துநான்கு" என்றேன். என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கூட்டமே நான் சொன்ன எண்ணுக்காகக் காத்திருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

பொன்னம்மா முறத்தைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு முறமாக அள்ளிப் புடைத்தாள். மிளகு துள்ளி முன்னால் போக, மண் காய்கள் கனத்தால் பின்னால் தங்கின. தங்கியதைத் தாளில் கொட்டினாள். சுற்றிலும் எல்லோரும் குனிந்து மிளகோடு மிளகாக இருந்த காய்களைப் பிரித்தார்கள். முதலில் முனகிக்கொண்டேதான் செய்தார்கள். பிறகு போட்டி வந்துவிட்டது.

"எனக்கு அஞ்சு!"

"அது நெச மெளகு, கண்ணு. கடிச்சுப் பாரு."

"ஏய், அது நா பாத்து வெச்சது! கைய எடு!"

"அக்கா, அந்த மூலையில ஒண்ணு முழிக்குது பாருங்க!"

சென்னைக்காரர் கொஞ்ச நேரம் காரில் சாய்ந்து நின்றார். பிறகு கிட்டே வந்தார். பிறகு பேன்ட்டை மடித்துவிட்டு மண்டியிட்டார். "இதோ ஒண்ணு!" என்று அவர் கத்தியபோது அவர் முகம் ஏழு வயதுப் பையன் முகம் மாதிரி இருந்தது. பலாப்பழக் கடைக்காரர் அதை வாங்கிக் கடித்துப் பார்த்து, "இல்லீங்க, மெளகு" என்றார். சென்னைக்காரருக்கு வருத்தம்.

நான் எண்ணிக்கொண்டே வந்தேன். நாற்பது. அறுபத்தைந்து. எண்பது. கடித்துத் துப்பிய ஒன்றையும் சேர்த்து எண்பத்துநான்கு வந்ததும் கையை உயர்த்தினேன்.

"நிறுத்துங்க. முடிந்தது."

"இன்னும் ரெண்டு மொறம் பாக்கி இருக்குதுங்க. அதையும் பொடச்சுரட்டுமுங்களா?" என்றாள் பொன்னம்மா.

"தேவையே இல்லைம்மா. எண்பத்துநான்கு. நான் எண்ணினால் எண்ணியதுதான்."

இந்த வாக்கியத்தை அழிக்க முடியுமானால் மீதி ஆயுளில் பாதியைத் தருவேன். கந்தசாமி தலையாட்டினார். சரக்கை மூன்று மூட்டையாகக் கட்டி, எடை போட்டு, வேனில் ஏற்றிக்கொண்டு மலையிறங்கினார். பொன்னம்மா எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள்.

டீ பாதி இருக்கும்போது, தோழியின் ஸ்கூட்டரில் சுதா வந்து இறங்கினாள். நான் பேருந்தில் வராததால் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். சென்னைக்காரர், பொன்னம்மா, பலாப்பழக் கடைக்காரர் மூவரும் ஒரே நேரத்தில் நடந்ததைச் சொன்னார்கள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"எண்பத்துநான்கும் இருக்கிறது" என்றேன் முந்திக்கொண்டு.

"சரிப்பா. உபரி ஆறு எங்க?"

"எந்த ஆறு?"

"புத்தகத்துக்கு அடியில, ஒரு தாள்ல மடிச்சு வெச்சிருந்தேனே. தொலைஞ்சா போடறதுக்கு."

சட்டைப்பையில் கையை விட்டேன். மூக்கைத் துடைத்த தாளை எடுத்துப் பிரித்தேன். சுதாவின் கையெழுத்தில் 'உபரி – 6' என்று இருந்தது.

மொத்தம் தொண்ணூறு. எடுத்தது எண்பத்துநான்கு.

"இன்னும் ஆறு இருக்கா?" என்று சென்னைக்காரர் ஆசையோடு தார்ப்பாயைப் பார்த்தார். தார்ப்பாய் காலியாக இருந்தது.

பொன்னம்மா உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள்.

"கந்தசாமி நம்பருங்க. நீங்களே சொல்லுங்க. உங்க வாயாலதானுங்க எண்பத்திநாலுன்னு சொன்னீங்க. நா சொன்னா நா தெரிஞ்சே ஏமாத்துனதாட்டம் ஆயிருமுங்க."

மூன்று முறை அடித்தேன். நான்காவது முறை கந்தசாமி எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு முழுக்க என்னுடையது, அந்த அம்மாளுக்கு ஒன்றும் தெரியாது, இன்னும் இரண்டு முறம் பார்க்கிறேன் என்று அவள் கேட்டாள், நான்தான் தடுத்தேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன். மறுபக்கம் வேனை ஓரமாக நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"ஏனுங்க பெரியவரே" என்றார் கந்தசாமி. "மூணு மூட்டையில ஆறுங்களா? எனக்கு வர்ற சரக்குல கல்லு, காம்பு, பொத்தான்னு எத்தன கெடக்குதுன்னு எண்ணுனா உங்களுக்குப் பைத்தியம் புடிச்சிருமுங்க. போன் பண்ணிச் சொன்னீங்க பாருங்க, அது போதும். அந்த அக்காகிட்ட அடுத்த வருசமும் சரக்கு எனக்குத்தான்னு சொல்லிருங்க."

சொன்னேன். பொன்னம்மா எழுந்து, மீதி டீயைக் குடிக்கச் சொன்னாள். ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

அன்று வளப்பூர் நாட்டில் ஆட்டம் நடக்கவே இல்லை. சோளக்காட்டு டீக்கடை பெஞ்சில் பலகையை விரித்துச் சுதா விளக்கிக் காட்டினாள். பொன்னம்மா பாதி வரை கேட்டுவிட்டு, "அடுத்தவிங்க மெளகுல பொக்கு கலக்கறத வெளையாட்டுக்குக்கூட நா பண்ண மாட்டனுங்க, கண்ணு. வேணும்னா கலந்தத கண்டுபுடிக்கறேன்" என்றாள். சென்னைக்காரர் விதிப்புத்தகத்தை மூடி வைத்தார்.

"நான் காலைல ஆடினேனே, அதுதான் ஆட்டம்" என்றார். "தேடறது. மறைக்கறது இல்ல. அப்படி மாத்திக் கொடுத்தா அச்சடிக்கறேன்."

நல்ல செய்தி என்று நான் சிரித்தேன். சுதா சிரிக்கவில்லை. இறங்கும்போது, அந்த எழுபது வளைவுகளில் நாற்பத்தொன்றாவதில், "நாலாம் பக்கம் எழுத எனக்கு ஏழு மாசம் ஆச்சுப்பா" என்றாள். பிறகு பதினொரு நாள் என்னோடு பேசவில்லை.

'மலைச்சந்தை' மறு வருடம் வந்தது. நன்றாகவே போகிறது. கலந்திருக்கும் பொக்கைத் தேடிப் பிடிப்பவர்தான் வெல்வார். பெட்டியின் மேல் சுதாவின் பெயர் இருக்கிறது. விதிப்புத்தகத்தில் நன்றி என்று ஒரு பக்கம். அதில் பொன்னம்மாவின் பெயரும், பலாப்பழக் கடைக்காரர் பெயரும் உண்டு. என் பெயர் இல்லை. இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

ஆனால் அந்த ஆறு காய்கள் யார் வீட்டுக்குப் போயின என்பது இன்றுவரை தெரியவில்லை. எங்கள் வீட்டில் பொங்கலோ ரசமோ சாப்பிடும்போது யார் வாயிலாவது கடக்கென்று சத்தம் வந்தால் போதும். அதற்குப் பிறகு வந்த மருமகன் இலையிலிருந்து தலையை நிமிர்த்தி, "மாமா, ஒண்ணு கெடச்சிருச்சுங்க" என்பார். சுதா, "வெள்ளைப் புள்ளி இருக்கான்னு பாருங்க" என்பாள். என் மனைவி அதை வாங்கி ஜன்னலோரக் கிண்ணத்தில் போட்டு வைப்பாள்.

கிண்ணத்தில் இப்போது இருபத்துமூன்று இருக்கின்றன. தொலைந்தது ஆறுதான், மற்றதெல்லாம் சாதாரணக் கல் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். யாரும் காதில் வாங்குவதில்லை.

"எத்தன தொலஞ்சதுன்னு நீங்க சொல்லியா நாங்க தெரிஞ்சுக்கணும்?" என்கிறாள் என் மனைவி.